புள்ளி முதலில், எண்ணெய் அப்புறம்: அக்குபஞ்சர் புள்ளிகளில் நறுமண எண்ணெய் வைக்கும் முறை

"தலைவலிக்கு எந்த எண்ணெய் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "எந்த இடத்தில் வலிக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள்" என்பேன். நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறவருக்கும் பிடரியைப் பிடித்துக் காட்டுகிறவருக்கும் ஒரே குப்பியைக் கொடுத்து அனுப்ப சீன மருத்துவத்தில் இடமில்லை. வலி எந்தச் சக்தி நாளத்தின் மேல் இருக்கிறது, குளிரால் வந்ததா சூட்டால் வந்ததா, தெம்பு குறைந்து வந்ததா, ஓட்டம் அடைபட்டு வந்ததா என்று பார்த்த பிறகுதான் புள்ளி. புள்ளி முடிவான பிறகுதான் எண்ணெய்.

நான் ஊசி வைத்து சிகிச்சை செய்கிறவள். ஒரு சிகிச்சைக்கும் அடுத்த சிகிச்சைக்கும் நடுவில், வீட்டில் அவரவரே செய்துகொள்ளத்தான் எண்ணெயைச் சொல்லித் தருகிறேன். இங்கே எழுதியிருப்பதும் அந்த வீட்டு முறையைத்தான். ஊசியோடு சேர்த்துச் செய்கிறவர்களுக்கான சில விஷயங்களைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தச் சேர்க்கை இரண்டாயிரம் வருஷப் பழமையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புள்ளிகள் பழமையானவை. புள்ளியின் மேல் மருந்து வைப்பதும் பழையதுதான். கோடையின் உச்ச நாட்களில் வெண்கடுகு சேர்த்த பசையை முதுகுப் புள்ளிகளில் ஒட்டி ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்ப்பது சீனாவில் இன்றும் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஊ ஷாங்சியன் என்ற மருத்துவர், உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துக்கு என்ன நியாயமோ அதே நியாயம் மேலே வைக்கும் மருந்துக்கும் உண்டு என்று சொல்லி, பற்றுகளையே தன் முக்கிய வைத்தியமாக வைத்திருந்தார். ஆனால் ஆவியில் வடித்த லாவண்டர் எண்ணெயைக் குப்பியிலிருந்து எடுத்துப் புள்ளியில் வைப்பது 20ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். அரோமாதெரபி என்ற பெயரையே பிரான்சின் வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோஸேதான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லாவண்டருக்கு 'குளிர்ச்சி' என்ற குணத்தைக் கொடுத்ததும் இக்காலத்து மருத்துவர்கள்தான். பழைய சீன மருந்து நூல்களில் அது கிடையாது. புதியது என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால் புதியது என்று தெரிந்து செய்தால் எச்சரிக்கை கூடும்.

இன்னொன்றும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூலிகை வேறு, அதிலிருந்து வடித்த எண்ணெய் வேறு. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் ஆவியோடு வருவதில்லை. அதனால் வடித்த இஞ்சி எண்ணெயில் இஞ்சி வாசனை இருக்கும், நாக்கைப் பிடிக்கும் அந்தக் காரம் இருக்காது. குங்கிலிய வகையான ஃபிராங்கின்சென்ஸ் பிசினில் உள்ள போஸ்வெல்லிக் அமிலங்களும் அப்படித்தான். அவை கனமானவை, ஆவியாகாது. பிசினைப் பற்றிச் சொன்ன பலன்களை எல்லாம் எண்ணெயின் தலையில் ஏற்றிவைப்பது தவறு. மறுபக்கம் புதினா வகையைப் பாருங்கள். போஹெ என்ற சீனப் புதினாவைக் கஷாயத்தில் கடைசி சில நிமிடங்களில்தான் போடுவார்கள், வாசனை பறந்துவிடும் என்பதால். அதன் வேலையே அந்தப் பறக்கும் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே எண்ணெய் மூலிகைக்கு நெருங்கிய சொந்தம்.

கலப்பது

எந்த நறுமண எண்ணெயையும் அப்படியே தோலில் வைக்காதீர்கள். புள்ளி சின்னதுதானே, ஒரு சொட்டுதானே என்று நினைக்கத் தோன்றும். சின்ன இடத்தில் அடர்த்தியாக வைத்துத் தேய்க்கும்போதுதான் தோல் சீக்கிரம் கோபித்துக்கொள்ளும்.

10 மில்லி குப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், உருளை மூடி வைத்ததாக இருந்தால் வசதி. அதில் பாதாம் எண்ணெய், ஜோஜோபா, நல்லெண்ணெய் ஏதாவது ஒன்றை நிரப்புங்கள். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று கணக்கு. அப்படியென்றால் 10 மில்லியில் 2 சொட்டு போட்டால் 1 சதவீதம், 4 சொட்டு போட்டால் 2 சதவீதம். முகத்துக்கும் வயதானவர்களுக்கும் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கை, கால், முதுகுக்கு 2 சதவீதம் போதும். நான் 3க்கு மேல் போவதே இல்லை. புள்ளி வேலையில் விரல்தான் முக்கியம். எண்ணெய் துணைக்கு.

எல்லா எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இலவங்கப்பட்டை எண்ணெயில் இருக்கும் சின்னமால்டிஹைட் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனது. பாதுகாப்பு அளவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. வீட்டில் சொட்டுக் கணக்கில் அதை அளப்பது நடக்கிற காரியமில்லை, அதனால் பட்டை எண்ணெயை விட்டுவிடுங்கள். கிராம்பு எண்ணெய் என்றால் 0.5 சதவீதம், அதாவது 10 மில்லியில் ஒரே ஒரு சொட்டு. பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தோலின் எண்ணெய் வைத்த தோலில் வெயில் பட்டால் தீப்புண் போல ஆகிவிடும். அதிலிருக்கும் பெர்காப்டெனை நீக்கிய வகை தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். வின்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் இனத்துப் பொருள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

கலந்த எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து, மேலே ஒரு பிளாஸ்டர் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு எதுவும் இல்லையென்றால் மேலே போகலாம்.

புள்ளியைக் கண்டுபிடிப்பது

படத்தைப் பார்த்து உத்தேசமாக வைத்தால் புள்ளி அகப்படாது. உடம்புக்கு உடம்பு நீளம் மாறும் என்பதால் சீன மருத்துவத்தில் அளவுகோல் அவரவர் விரல்தான். அந்த அளவுக்கு சுன் என்று பெயர். கட்டைவிரல் கணுவின் அகலம் 1 சுன். சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்தால் ஒன்றரை. நான்கு விரல்களையும் ஒட்டிவைத்து நடுவிரலின் நடுக் கணுவில் அளந்தால் 3 சுன். யாருக்குப் புள்ளி பார்க்கிறீர்களோ அவருடைய விரலால் அளக்க வேண்டும். பருத்த கையுள்ள கணவர் தன் விரலால் மனைவியின் காலில் அளந்தால் புள்ளி தள்ளிப் போய்விடும்.

அளவு கிட்டத்தில்தான் கொண்டுபோய் விடும். அங்கிருந்து விரல்நுனியால் தேட வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பல மாதங்கள் ஊசியைக் கையில் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோலின் மேல் விரலை நகர்த்தச் சொல்வார். புள்ளி இருக்கும் இடத்தில் விரல் லேசாக உள்ளே விழும். எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் மாதிரி. அழுத்தினால் சுற்றியுள்ள இடத்தைவிடக் கனமான, மந்தமான வலி இருக்கும். சிலருக்கு அது நாளத்தின் வழியே பரவும். எண்ணெய் தடவாத விரலால்தான் இதைத் தேட வேண்டும். எண்ணெய் பட்டுவிட்டால் விரல் வழுக்கும், பள்ளம் தெரியாது. புள்ளி கிடைத்ததும் பேனாவால் ஒரு சின்னப் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் தரப்பட்டியலில் 361 புள்ளிகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஏழெட்டு போதும்.

வைப்பது

நகத்தை வெட்டிவிட்டு, கையைக் கழுவி, உட்கார்ந்துகொள்ளுங்கள். குப்பியின் உருளையால் புள்ளியில் ஒரு தொடு. உருளை இல்லையென்றால் பஞ்சுக்குச்சியில் தொட்டு வையுங்கள். தோல் மினுங்கினால் போதும், வழிய வேண்டியதில்லை. பிறகு கட்டைவிரலையோ நடுவிரலையோ நிமிர்த்தி வைத்து, தோலோடு சேர்ந்து விரல் நகரும்படி சின்ன வட்டமாக அழுத்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடினால் அது மசாஜ். இங்கே அடியில் இருப்பதைத்தான் அசைக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒன்றிலிருந்து மூன்று நிமிடம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். மூச்சு விடும்போது அழுத்தம் கூட்டி, இழுக்கும்போது தளர்த்துங்கள்.

சோர்ந்து, வெளுத்து, குரல் தேய்ந்து வருகிறவருக்கு ஊட்டம் வேண்டும். மெதுவாக, லேசாக, நாளம் ஓடும் திசையில் செய்யுங்கள். முகம் சிவந்து, எரிச்சலோடு, "தொட்டாலே வலிக்கிறது" என்கிறவருக்குத் தணிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக, அழுத்தமாக, நாளத்துக்கு எதிர்த்திசையில். திசையை நினைவில் வைக்க ஒரு வழி: கையைத் தலைக்கு மேல் தூக்கி நில்லுங்கள். கைகால்களின் வெளிப்பக்கம் ஓடும் யாங் நாளங்கள் கைவிரலிலிருந்து கீழே பாதம் வரை இறங்கும். உள்பக்கம் ஓடும் யின் நாளங்கள் பாதத்திலிருந்து மேலே ஏறும்.

எண்ணெய் குளிர்ச்சியா சூடா என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை சுலபமானது. வலிக்கிற இடத்தில் வெந்நீர்த் துணி வைத்தால் சுகமாக இருக்கிறதா, குளிர்ந்த துணி வைத்தால் சுகமா? வெந்நீர் சுகம் என்றால் இஞ்சி, ஏலக்காய், ஃபிராங்கின்சென்ஸ் பக்கம் போங்கள். குளிர்ச்சி சுகம் என்றால் பெப்பர்மின்ட், லாவண்டர். இரண்டும் ஒன்றுதான் என்றால் எண்ணெயே வேண்டாம், விரல் போதும்.

தலைவலி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எண்ணெய் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதற்குத்தான் வருகிறார்கள்.

நெற்றியில், கண்ணுக்கு மேல் வலித்தால் அது யாங்மிங் பகுதி, அதாவது இரைப்பை, பெருங்குடல் நாளங்கள் ஓடும் இடம். இதற்கு ஹெகு, அதாவது பெருங்குடல் 4 (பெருங்குடல் நாளத்தின் நான்காம் புள்ளி; மற்றப் புள்ளிகளின் எண்ணும் இப்படித்தான்). கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் சதைமேட்டில், சுட்டுவிரலின் உள்ளங்கை எலும்பு நடுவை ஒட்டி இருக்கிறது. இரண்டு விரலையும் ஒட்டிவைத்தால் சதை மேடாக எழும்பும் பாருங்கள், அந்த மேட்டின் உச்சி. அழுத்தும்போது எலும்பை நோக்கி அழுத்த வேண்டும், சதையை நோக்கி அல்ல. பலரும் சதையைக் கிள்ளிக்கொண்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்பார்கள். விரலை எலும்பின் அடியில் செருகுவது போல் சாய்த்ததும் முகம் சுளிக்கும். முகம், வாய் சம்பந்தப்பட்ட எதற்கும் ஹெகு என்பது சீன மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாட்டிலேயே இருக்கிறது. நெற்றி கனத்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்த வலி என்றால் இதில் பெப்பர்மின்ட்.

பொட்டில், பக்கவாட்டில் தெறித்தால் ஷாவ்யாங், பித்தப்பை நாளம். பெரும்பாலும் கோபமோ தூக்கக் குறைவோ பின்னால் இருக்கும். காலில் தாய்சொங், கல்லீரல் 3: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து பாதத்தின் மேல் பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு எலும்புகளும் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் விரல் ஒரு பள்ளத்தில் நிற்கும். அங்கே லாவண்டர். தலைவலிக்குக் காலில் வைப்பதா என்று கேட்பார்கள். மேலே ஏறியதைக் கீழே இழுக்க வேண்டும், அதற்குத் தூரத்துப் புள்ளிதான் நல்லது. இரண்டு கை ஹெகுவும் இரண்டு கால் தாய்சொங்கும் சேர்ந்தால் 'நான்கு வாசல்கள்' என்று பெயர். மன இறுக்கத்தால் வரும் வலிக்கு என் கை முதலில் போவது அங்கேதான்.

பிடரி பிடித்துக்கொண்டு பின்பக்கம் வலித்தால் ஃபெங்ச்சி, பித்தப்பை 20. மண்டையோட்டின் அடிவிளிம்பில், கழுத்தின் நடுத்தசைக்கும் பக்கத் தசைக்கும் இடையில் இரண்டு பக்கமும் குழி இருக்கும். இரண்டு கட்டைவிரலையும் அங்கே வைத்து, மற்ற விரல்களால் தலையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் கண்ணை நோக்கி அழுத்துங்கள். குளிர்ந்த காற்று பட்டு வந்த வலி என்றால் ஒரு சொட்டு இஞ்சி எண்ணெய் கலந்தது. முடிக்குள் எண்ணெய் போகும் என்பதால் இங்கே இன்னும் குறைவாகத் தொடுங்கள்.

உச்சந்தலை வலிக்கும் கல்லீரல் நாளம்தான். தாய்சொங்கோடு உள்ளங்காலில் யொங்ச்சுவான் என்ற சிறுநீரகம் 1. அதைத் தூக்கம் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

நெற்றியிலும் பொட்டிலும் நேராகப் பெப்பர்மின்ட் வைப்பதற்கு மேற்கத்திய மருத்துவத்திலும் ஆதாரம் உண்டு. டென்ஷன் தலைவலிக்கு 10 சதவீத பெப்பர்மின்ட் எண்ணெயைச் சாராயத்தில் கரைத்த கரைசல் ஜெர்மனியில் மருந்தாகவே விற்கப்படுகிறது. அது மருந்தாகவே தயாரிக்கப்படுவது. அதைப் பார்த்து வீட்டில் 10 சதவீதம் கலக்காதீர்கள். பொட்டில் வைத்தால் ஆவி கண்ணைக் கரிக்கும். முடியோரத்தை ஒட்டி வையுங்கள்.

குமட்டல்

புள்ளிகளிலேயே அதிகம் ஆராயப்பட்டது நெய்குவான், பெரிகார்டியம் (இதயவுறை) 6. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலையும் வாந்தியையும் இந்தப் புள்ளியைத் தூண்டுவது குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. பயணத்தில் அணியும், குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டையும் இதே புள்ளியைத்தான் அழுத்துகிறது.

உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி கையைத் திருப்புங்கள். மணிக்கட்டு ரேகையின் மேல் மறுகையின் மூன்று விரல்களை ஒட்டி வையுங்கள். மூன்றாவது விரலின் விளிம்பு முடியும் இடத்தில், நடுவில் ஓடும் இரண்டு நரம்பு போன்ற தசைநார்களுக்கு இடையில் இருக்கிறது. தசைநார் தெரியவில்லையென்றால் கையை லேசாக மடக்கி முஷ்டி பிடித்தால் எழும்பும். சிலருக்குப் பிறவியிலேயே ஒன்றுதான் இருக்கும். அப்போது மணிக்கட்டின் நடுக்கோட்டைப் பார்த்து வையுங்கள். அடியில் மீடியன் நரம்பு ஓடுகிறது, அதனால் விரல்களுக்கு மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். தளர்த்துங்கள்.

இஞ்சி எண்ணெய் 1 சதவீதம், இரண்டு கையிலும், இரண்டிரண்டு நிமிடம். பிறகு மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் நாலைந்து முறை மெதுவாக மூச்சை இழுக்கலாம். மணிக்கட்டுப் புள்ளிகளில் எண்ணெய் வைப்பதில் எனக்குப் பிடித்ததே இந்த வசதிதான். புள்ளியும் வாசனையும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளி பயன்படும், ஆனால் முதல் மூன்று மாதத்தில் எந்த வாசனையும் குமட்டலைக் கிளப்பிவிடலாம். அவர்களுக்கு எண்ணெய் இல்லாமல் வெறும் விரலால் அழுத்தச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

தூக்கம்

யொங்ச்சுவான் உள்ளங்காலில் இருக்கிறது. கால்விரல்களை உள்பக்கம் மடக்கினால் பாதத்தின் முன் மூன்றில் ஒரு பங்கில் ஒரு குழி விழும், அங்கே. தலையில் ஏறிய சூட்டைக் கீழே இறக்க, சீனாவில் ஊ-ஜூ-யூ என்ற காரமான காயைப் பொடித்து வினிகரில் குழைத்து இந்த இடத்தில் கட்டுவது நெடுநாள் வழக்கம். எண்ணெயைப் புள்ளியில் வைக்கும் யோசனைக்கு இதைவிட நெருக்கமான முன்னோடி கிடையாது என்று நினைக்கிறேன்.

படுக்கப் போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவித் துடைத்துவிட்டு, லாவண்டர் 2 சதவீதம் ஒரு தொடு வைத்து, கட்டைவிரலால் குதிகால் பக்கமிருந்து விரல்கள் பக்கமாகத் தள்ளி அழுத்துங்கள். அப்புறம் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், வழுக்காமல் இருக்க. எழுந்து நடக்கும் வயதானவர்கள் விழுந்துவிடக் கூடாது.

மனசு ஓடிக்கொண்டே இருந்து தூக்கம் வராதவர்களுக்கு ஷென்மென், இதயம் 7, கூடச் சேர்க்கலாம். மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்க ஓரத்தில், அங்கிருக்கும் தசைநாரின் உள்விளிம்பில் விரல் அமரும். லேசாகத்தான் அழுத்த வேண்டும். விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்து திரும்பத் தூங்க முடியாதவர்களுக்குத் தாய்சொங் நன்றாக வேலை செய்வதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளத்துக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் சீன நாளக் கடிகாரத்தில் 1 மணியிலிருந்து 3 மணி வரை கல்லீரலின் நேரம்.

கழுத்துப் பிடிப்பு, வயிற்றுக் குளிர்ச்சி

தலையணை சரியில்லாமல் எழுந்தபோது கழுத்து திரும்பவில்லை என்றால் கழுத்தைத் தொடாதீர்கள். புறங்கையில் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட எலும்புகளுக்கு நடுவில், கணுவுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி உண்டு, லுவோச்சென் என்று பெயர். பிடிப்பு உள்ள பக்கக் கையில் பெப்பர்மின்ட் 2 சதவீதம் தொட்டு, அழுத்திக்கொண்டே கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வலி ஆரம்பிக்கும் இடம் வரை மட்டும். கணினி முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதும் ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அவர் தோள்பட்டை பிடிக்கிறது என்று வருவது குறைந்துவிட்டது, இருக்கையிலேயே செய்துகொள்கிறாராம்.

மாதவிடாய் சமயத்தில் அடிவயிறு குளிர்ந்து, வெந்நீர்ப் பை வைத்தால் சுகமாக இருக்கும் வலிக்கு சான்யின்ஜியாவ், மண்ணீரல் 6. உள்கணுக்காலின் உச்சியிலிருந்து நான்கு விரல் மேலே, எலும்பின் பின்விளிம்பில். இஞ்சி எண்ணெய். வலி வருவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே தினமும் ஒருமுறை செய்தால்தான் பலன் தெரிகிறது. ஜீரணம் மந்தம், களைப்பு என்றால் சூசான்லி, இரைப்பை 36: முட்டிச்சிப்பிக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் இறங்கி, கீழ்க்கால் முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே.

ஊசியோடு சேர்க்கிறவர்களுக்கு

ஊசி ஏற்றப்போகும் இடத்தில் எண்ணெய் வைக்காதீர்கள். தோலில் இருக்கும் எதுவும் ஊசியோடு உள்ளே போகும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தோலில் ஸ்பிரிட் பஞ்சும் சரியாகச் சுத்தம் செய்யாது. ஊசியின் காம்பில் எண்ணெய் சொட்டுவதையும் சிலர் செய்கிறார்கள். அது வழிந்து துளைக்குள் இறங்கும், வேண்டாம். ஊசி இருக்கும் நேரத்தில் வாசனை வேண்டுமென்றால் ஒரு காகிதக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுத் தலைமாட்டில் வையுங்கள். எண்ணெயைத் தோலில் வைப்பது ஊசி எடுத்த பிறகு, ஊசி படாத வேறு புள்ளியில்.

மாக்ஸா என்ற காய்ந்த மூலிகையைக் கொளுத்திப் புள்ளிக்குச் சூடு காட்டுகிறவர்களும், நெருப்பு வைத்துக் கிண்ணம் ஒட்டும் கப்பிங் செய்கிறவர்களும் இதை மறக்கவே கூடாது: நறுமண எண்ணெய் தீப்பற்றும். ஆரஞ்சு, யூகலிப்டஸ் எண்ணெய்களின் ஆவி 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளக் கூடியது. எண்ணெய் வைத்த தோலின் பக்கம் கங்கு வரக் கூடாது. முதலில் மாக்ஸா, அதை முழுசாக அணைத்து எடுத்து வைத்த பிறகு எண்ணெய். காதுப் புள்ளிகளை அழுத்துவதற்காகக் காதில் விதை ஒட்டுகிறவர்கள் விதையை ஒட்டியபின் அந்தப் பக்கம் எண்ணெய் கொண்டுபோகாதீர்கள், ஒட்டு விட்டுப்போகும்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளுக்கு ஹெகு, சான்யின்ஜியாவ், தோள்மேட்டில் இருக்கும் ஜியான்ஜிங் இவற்றை அழுத்தும் வழக்கம் சீன மருத்துவத்தில் கிடையாது. கர்ப்பம் தரித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைகளின் முகத்தருகே பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், கற்பூரம் மூன்றையும் கொண்டுபோகாதீர்கள். மூச்சுக்குழல் இறுகிவிடலாம். சளி என்று மூக்கின் ஓரத்தில் தடவுவதுதான் மிக ஆபத்து. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் கற்பூரத்தைத் தவிர்க்க வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் இல்லாத விரல் போதும். அவர்கள் உடம்பு லேசான தொடுதலுக்கே பதில் சொல்லும்.

புண், வெட்டு, வெரிகோஸ் வெயின் எனப்படும் சுருள்நரம்பு உள்ள இடத்தில் அழுத்தாதீர்கள். திடீரென்று வந்த, இதுவரை அனுபவிக்காத கடுமையான தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது இவற்றுக்குப் புள்ளி தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குப்பிகளை அடர் நிறக் கண்ணாடியில், மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்டால் எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனினும், லாவண்டரில் உள்ள லினலூலும் மாறி, தோலுக்கு ஒவ்வாமை தரும் பொருள்களாகிவிடும். புதிதாக இருந்தபோது ஒத்துக்கொண்ட எண்ணெய் பழசானதும் அரிப்பைத் தருவது இதனால்தான். எலுமிச்சை வகையைத் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் தோலில் வைக்காதீர்கள். ஒவ்வொரு குப்பியிலும் என்ன எண்ணெய், எத்தனை சொட்டு, கலந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.

வைத்த இடம் எரிய ஆரம்பித்தால் முதலில் தண்ணீரைத் தேடி ஓடாதீர்கள். நறுமண எண்ணெய் தண்ணீரில் கரையாது. கலப்பதற்கு வைத்திருக்கும் வெறும் எண்ணெயைப் பஞ்சில் தாராளமாக எடுத்துத் துடையுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் உடனே தண்ணீர். கால் மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.